சானமாவுச் சாலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை

என்ஜின் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் பிரிவின் தலைவர் என்னிடம் சில பக்கங்கள் கேட்டார். "எப்படிச் சோதிப்பது என்று எழுத வேண்டாம், அதற்குக் கையேடுகள் இருக்கின்றன. எப்படித் தீர்மானிப்பது என்று எழுதுங்கள்" என்றார். அந்த வேறுபாடு தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்பதே எனக்கு நிறைவாக இருந்தது. ஆகவே ஒப்புக்கொண்டேன். பொதுவாக நான் இத்தகைய அழைப்புகளை ஏற்பவனல்லன்.

நான் பொறியியல் படித்துவிட்டு, ஓசூரில் நம் என்ஜின் தொழிற்சாலையின் இதே சோதனைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். என் கையொப்பத்தோடு வெளியே போன என்ஜின் எதுவும் என் பெயரைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்ததில்லை. இதை நான் தற்பெருமையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் நான் எடுத்த தீர்மானங்களில் இன்றும் நினைத்தால் மார்பு படபடக்கிற ஒன்று, அந்தச் சோதனை அறையில் எடுத்ததன்று. ஓய்வு பெற்ற பின், நடுச்சாலையில், ஒரு கருவியும் கையில் இல்லாமல், வாய்விட்டுப் பேசவும் அனுமதி இல்லாத ஓரிடத்தில் எடுத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒருநாள் காலை ராஜேஸ்வரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நம் தொழிற்சாலையின் பொருத்துப் பிரிவில் கடைசி ஸ்டேஷனில் ஒப்பந்த ஊழியராக இருந்தவர். அவர் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் பூட்டி முடித்த பிறகுதான் என்ஜின் என் சோதனை அறைக்கு வரும். கையில் சுத்தம், வாயில் கூர்மை. அவரையும், பிளாக் பூட்டும் அந்தோணியையும், ஹெட் பூட்டும் நாகராஜையும் அந்த ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் நிர்வாகம் மறுபடி எடுக்கவில்லை. மூவரும் சேர்ந்து ராயக்கோட்டையில் ஒரு என்ஜின் பட்டறை போட முடிவு செய்திருந்தார்கள். தக்காளி மண்டி வைத்திருக்கும் முனியப்பாவுக்கு மண்டிக்கு அடுத்தாற்போல ஒரு ஷெட் காலியாக இருந்தது. அதைக் கேட்டுப் போனார்கள். முனியப்பா வியாபாரி. உடனே தலையாட்டவில்லை. பல காலமாக ஓரம் கட்டி வைத்திருந்த தம் பழைய பெட்ரோல் காரை அவர்களிடம் தள்ளிவிட்டு, "இதுக்கு உசுரு குடுத்து ஓசூர்லேர்ந்து ராயக்கோட்டைக்கு என்னைய உக்கார வெச்சு ஓட்டிக்கிட்டு வாங்க. வந்து சேர்ந்தா ஷெட்டு உங்களுக்கு. வழியில நின்னா டயர் கடைக்காரருக்கு. அவரு அட்வான்ஸக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டார்.

அந்த என்ஜினை அந்தோணியின் வீட்டு முன்னறையில் மூவரும் முழுக்கப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். மறுநாள் ஓட்டம்.

"நீங்க கூட வரணும் சார்" என்றார் ராஜேஸ்வரி.

"வீடுகளில் கட்டப்படும் என்ஜின்களைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை" என்றேன்.

"கருத்து வேணாம் சார். சும்மா பின்சீட்ல உக்காந்து வாங்க. வரலைன்னாலும் பரவால்ல. ஆனா உங்க பேர ஏற்கெனவே சொல்லிட்டோம்."

"யாரிடம்?"

"முனியப்பாகிட்ட. டெஸ்டிங் சாரே வந்து பார்ப்பாருன்னு."

என் அனுமதி இன்றி என் பெயர் அடகு வைக்கப்பட்டிருந்தது. எனக்கு வந்த கோபம் சிறிதன்று. ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் போகாவிட்டால், அந்த என்ஜின் எப்படி ஓடினாலும், 'அவருக்கே நம்பிக்கை இல்லை, அதனால்தான் வரவில்லை' என்றுதான் மண்டியில் பேசுவார்கள். பெயர் என்பது நாம் இல்லாத இடத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்று. சட்டைக்கு இஸ்திரி போட்டு, வழக்கம் போல இரண்டு வெள்ளைக் கைக்குட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் கிளம்பினேன்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, கார் புறப்பட்டது. அந்தோணி ஓட்டினார். முன்னால் முனியப்பா. பின்னால் நான், ராஜேஸ்வரி, நாகராஜ். கதவு மூடிய முதல் நிமிடத்திலேயே என் காது வேலையைத் தொடங்கிவிட்டது. நல்ல ஒலி. நான்கு சிலிண்டர்களும் ஒரே குரலில் பேசின. ஓசூரின் நெரிசலைத் தாண்டி ராயக்கோட்டைச் சாலையில் விழுந்ததும் அந்தோணி கால் வைத்தார். கார் தயங்காமல் இழுத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். வீட்டு முன்னறையில் கட்டிய என்ஜின் இது!

முனியப்பா விடவில்லை. "பேக்டரில பெல்ட்டு ஓடும், மிஷினு புடிக்கும், ஏசி இருக்கும். வீட்டுல எதப்பா புடிச்சது?"

"அந்தோணி அம்மா புடிச்சாங்க" என்றார் நாகராஜ். "ஒரு பக்கம் பிஸ்டன், ஒரு பக்கம் முறுக்குத் தட்டு."

"அதான் கேட்டேன். உள்ள முறுக்கு எதுவும் கெடக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சானமாவுக் காடு தொடங்கும் ஏற்றத்தில் கார் ஏறிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கும் முன்பே பானெட்டின் விளிம்பிலிருந்து நீல நிறத்தில் புகை சுருண்டு எழுந்தது. எரிந்த ஆயிலின் மணம் உள்ளே வந்தது. ராஜேஸ்வரியின் கை முன்சீட்டின் முதுகை இறுகப் பற்றியதைப் பார்த்தேன்.

"அந்தோணி, ஓரமா..." என்று நான் சொல்லி முடிக்கும் முன், முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. காக்கிச் சட்டை போட்ட வனக் காவலர் ஒருவர் இரு கைகளையும் தாழ்த்தி ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆஃப் பண்ணுங்க! இன்ஜின ஆஃப் பண்ணுங்க! யானை கிராஸ் ஆவுது. குட்டி வெச்சிருக்குது. ஹாரன் கூடாது, ஸ்டார்ட் பண்ணக் கூடாது, சத்தமாப் பேசக் கூடாது. எறங்கினா வண்டிகிட்டயே நில்லுங்க."

முன்னால் இருந்த வளைவுக்கு அப்பால் யானைக் கூட்டம் ராகிக் காட்டோரம் நின்றிருந்ததாம். எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பானெட்டுப் புகைதான்.

பானெட்டைத் திறந்தோம். என்ஜினின் பக்கவாட்டில் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் தன் குழாயை விட்டு வெளியே துப்பப்பட்டு, ஒயர்க் கட்டின் மீது சாய்ந்து கிடந்தது. அந்தக் குழாய் வாயிலிருந்து சிந்திய ஆயில், பழுக்கச் சூடான புகைபோக்கிக் குழாயின் மேல் விழுந்து கருகிக்கொண்டிருந்தது. என்ஜினின் அடியிலும் ஆயில் சொட்டியது.

சாலையில் ஒரு பானெட் திறந்தால் நம் மக்களுக்கு அதைவிடப் பெரிய அழைப்பு வேண்டியதில்லை. முன்னால் நின்ற தக்காளி லாரியின் ஓட்டுநர், மாலூர்க்காரர், எட்டிப் பார்த்து, ரிங் முழுக்கப் போய்விட்டதென்று அடிக்குரலில் கன்னடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "ரிங் ஹோகிதெ சார். பூரா ஹோகிதெ."

பைக்கில் வந்து நின்ற ஒருவர், கிருஷ்ணகிரியில் மெக்கானிக் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர், அதை வழிமொழிந்தார். "ரிங்க தலகீழா மாட்டிட்டாங்க. காத்து கீழ எறங்குது, கேஜ்கம்பியத் தூக்கி எறியுது. இத எறக்கித்தான் ஆவணும். இப்பிடியே ஓட்டினா பிளாக்கும் போயிரும்." பிறகு மூவரையும் ஒரு பார்வை பார்த்து, "வீட்டுல கட்டினதா?" என்றார். அந்தக் கேள்வியில் அவர் வைத்திருந்த ருசி எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டு கல் மீது உட்கார்ந்துவிட்டார். பிஸ்டனைச் சுற்றி இருந்து, மேலே எரியும் காற்றைக் கீழே இறங்க விடாமல் தடுக்கும் அந்த ரிங்குகளைப் பூட்டியது அவர்தான். அப்போது பார்த்து முனியப்பாவின் கைபேசி பக்திப் பாட்டை உரக்கப் பாடியது. காவலர் பல்லைக் கடித்தார். முனியப்பா அதைச் சட்டைக்குள் அமுக்கிக்கொண்டு குசுகுசுத்துவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"டயர் கடைக்காரரு. ஷெட்டு வாசல்ல நிக்கிறாராம். நான் என்னாத்தச் சொல்லட்டும்?"

கேட்டுவிட்டு அவர் லாரியின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நண்பர்களே, அந்த மெக்கானிக் மூடரல்லர். அவர் சொன்னது நடக்கக்கூடிய ஒன்று. புதிதாகக் கட்டிய என்ஜினில் டிப்ஸ்டிக் எகிறினால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அதையே சொல்வார்கள். நம் சோதனை அறையாக இருந்தால் நான் கருவியை மாட்டி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் எடுத்து, காகிதத்தில் பதில் வாங்கியிருப்பேன். இங்கே கருவி இருந்தாலும் பயனில்லை. என்ஜினைச் சுற்றவிடக் கூடாது. வளைவுக்கு அப்பால் ஒரு தாய் யானை இருக்கிறது. என்ஜின் பேசாது, நாமும் பேசக் கூடாது. எஞ்சியிருந்தது கண்ணும், அதுவரை கண்டவற்றின் நினைவும் மட்டுமே.

நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த ஒருவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குறையோடு ஓர் என்ஜின் வந்தால், அதில் எதுவெல்லாம் நன்றாக இருக்கிறது என்று முதலில் எங்களைச் சொல்லச் சொல்வார். அது முடியும் வரை குறையைப் பற்றி வாய் திறக்க விடமாட்டார். அப்போது எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சானமாவுச் சாலையில் நான் அதையே செய்தேன்.

எது நன்றாக இருந்தது? நான்கு சிலிண்டர்களின் ஒலி. ஏற்றத்தில் ஐந்து பேரைச் சுமந்துகொண்டு தளராமல் இழுத்த இழுவை. ரிங் தலைகீழாக இருக்கும் என்ஜின் அப்படி இழுக்குமா? இழுக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஐயப்பட இடம் கிடைத்துவிட்டது. அடுத்து, புகை. எல்லோரும் புகையைப் பார்த்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தவர் இல்லை. பானெட்டிலிருந்து வந்தது. பின்னால்?

காரின் பின்புறம் நடந்தேன். ஒரு கைக்குட்டையை எடுத்து விரலில் சுற்றி, சைலன்சர் குழாயின் வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். ரிங் வழியாக ஆயில் மேலேறி எரிந்திருந்தால் அந்தத் துணி ஈரக் கறுப்பாக, பிசுபிசுவென்று வர வேண்டும். வந்தது வெறும் சாம்பல் நிறம். காய்ந்த தூள். ஊதினால் பறந்தது.

அந்த நொடியின் சிலிர்ப்பை எப்படி எழுதுவது? என் வயதுக்கும் என் இயல்புக்கும் பொருந்தாத ஓர் ஓட்டமாகக் காரைச் சுற்றி முன்னால் வந்தேன். உள்ளே எதுவும் எரியவில்லை! ரிங்குகள் தம் வேலையைச் செய்கின்றன! புதிய ரிங்குகள் சிலிண்டரோடு பழகும் வரை சிறிது காற்றுக் கீழே இறங்கத்தான் செய்யும். ஒவ்வொரு என்ஜினிலும் இறங்கும். அது வெளியே போக ஒரு மூச்சுக் குழாய் வைத்திருக்கிறோம். தெருவில் உருட்டும்போது கொஞ்சம் காற்று, ஏற்றத்தில் நிறையக் காற்று. அந்தக் காற்று டிப்ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறதென்றால், காற்று அதிகம் என்று மட்டும் பொருளன்று. அதற்கு உரிய வாசல் மூடியிருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம்.

மூவரையும் பானெட்டின் கீழே அழைத்தேன். நான்கு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

"மூச்சுக் குழாய்க்கு அடைப்பு வைத்தீர்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

இங்கே நம் தொழிற்சாலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதன் மறுபக்கத்தை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். பிளாக்கில் திறந்திருக்கும் ஒவ்வொரு துளைக்கும், தூசி புகாதபடி, பிடித்து இழுக்கக் காது வைத்த சிவப்பு அடைப்பான் ஒன்றைச் செருகுகிறோம். செருகுகிறவர் அதை எடுப்பதில்லை. அடுத்த ஸ்டேஷன் எடுக்கும். அடைப்பான் வைத்தவர் மறந்துவிடலாம், மறக்கத்தான் வேண்டும். அவர் கவனம் அடுத்த என்ஜினுக்குப் போக வேண்டும். சிவப்புக் காது கண்ணில் பட்டால் எடு, படாவிட்டால் எடுத்தாகிவிட்டது. பல ஆண்டுகள் அந்த வரிசையில் நின்ற மூன்று கைகள், அந்தோணியின் வீட்டு முன்னறையிலும் அதே வரிசையில்தான் நின்றிருக்கின்றன.

"வெச்சேன் சார்" என்றார் அந்தோணி. "வீட்டுல செவப்பு பிளக் ஏது? வீட்டுக்காரி ரோஜாப் பண்ணையில வேலை செய்றா இல்ல, அங்க பூப்பொட்டிக்கு வைக்கிற ஃபோம் இருந்துச்சு. வெட்டி உள்ள அழுத்திட்டேன்." நாகராஜைப் பார்த்தார். "நீ எடுத்தல்ல?"

"நானா? எனக்கு ஹெட்டு. அது ஹோஸ் ஸ்டேஷன் வேலை."

ராஜேஸ்வரியின் முகம் மாறியது. "நான் மாட்டும்போது அங்க ஒண்ணுமே நீட்டிக்கிட்டு இல்லயே. நாகராஜ் எடுத்துட்டான்னு..."

"நான் ஏன் எடுக்கணும்? உன் ஓட்டைய நீ பார்க்க மாட்டியா?"

"வாயக் கழுவுடா."

"ஏய், ரெண்டு பேரும்..." அந்தோணியின் குரல் எழும்பியது.

"ஷ்ஷ்!" காவலர் பின்னாலிருந்து சீறினார். "குட்டி இருக்குதுன்னு சொல்றேன், குடும்பச் சண்ட போடுறீங்க?"

அதன் பிறகு நடந்த சண்டை முழுவதும் உதடுகளாலும் கைகளாலுமே நடந்தது. அந்தோணி நாகராஜைச் சுட்டினார், நாகராஜ் ராஜேஸ்வரியைச் சுட்டினார், ராஜேஸ்வரி வானத்தைச் சுட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சுக் குழாய் ஹோஸின் கிளிப்பைச் சுட்டினேன்.

சூட்டுக்குத் துணி சுற்றி, ராஜேஸ்வரி கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை உருவினார். குழாயின் வாய்க்குள், விரல் நுனி ஆழத்தில், ஆயிலில் ஊறிக் கறுத்துப்போய், குழாயின் நிறத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. தம் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, வளைத்து, அதைக் கொக்கி போட்டு இழுத்தார். ஒரு சிறு ஓசையுடன் வெளியே வந்தது. ஒரு நெல்லிக்காய் அளவு ஃபோம். அவ்வளவுதான். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. யானைகளை எண்ணி அடக்கிக்கொண்டேன்.

அந்தோணி எழுந்து நின்றார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நாகராஜ் மின்னல் வேகத்தில் அந்த ஃபோம் பஞ்சைப் பறித்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத அவருகிட்டச் சொல்ல வேணாம்" என்று குசுகுசுத்தார். "ஒரு சின்ன அட்ஜஸ்மெண்ட்டுன்னு சொல்லிக்கலாம். சார், நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்பிருவாரு."

அது உண்மை. நான் சொன்னால் நம்புவார். 'காற்றுப் போக்கில் சிறு திருத்தம்' என்று ஒரு கனமான வாக்கியம் போதும். பொய்கூட அன்று அது. ஆனால் என் பெயரை நம்பி ஒருவர் தவறான எண்ணத்தோடு போவாரென்றால், அந்தப் பெயர் பிறகு எதற்கு? ஓரடி ஒதுங்கி நின்றேன். அந்த என்ஜின் என்னுடையதன்று. வாயும் என்னுடையதாக இருக்கக் கூடாது.

முனியப்பா திரும்பி வந்தார். "என்னா சார், ரிங்கா? எறக்கணுமா?"

நாகராஜ் என்னைப் பார்த்தார். அந்தோணி தரையைப் பார்த்தார். ராஜேஸ்வரி நாகராஜின் சட்டைப் பைக்குள் கையை விட்டு, பஞ்சை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"ரிங்கு இல்லைங்க. இது. கட்டும்போது தூசி போகாம நாங்க வெச்சது. எடுக்க மறந்துட்டோம். மூணு பேருமே."

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. அப்போது எங்களிடம் நிரூபணம் எதுவும் இல்லை. என்ஜினை ஓட்டிக் காட்ட முடியாது. நிரூபணம் கைக்கு வந்த பின் உண்மை பேசுவது யாருக்கும் எளிது. அவர் அது வருவதற்கு முன்பே பேசினார். ஷெட் கைவிட்டுப் போகக்கூடிய அந்த நிமிடத்தில் பேசினார்.

முனியப்பா பஞ்சை விரலால் உருட்டினார். "மூணு பேரு சேர்ந்து ஒரு பஞ்ச மறந்துட்டீங்க. நாளைக்கு ஊரு வண்டியெல்லாம் உங்ககிட்ட வரும்."

"வரும்" என்றார் ராஜேஸ்வரி. தலை குனியவில்லை. "இனிமே வெச்சவங்களே எடுக்கணும். அத இப்பவே முடிவு பண்ணிட்டோம்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"இப்ப."

முனியப்பா என் பக்கம் திரும்பினார். "அது கெடக்கட்டும். இஞ்சினு நல்லா இருக்குதுன்னு யாரு சொல்றது? அந்த மெக்கானிக்கு எறக்கணும்ங்கறாரு. லாரிக்காரரு பூரா போச்சுங்கறாரு."

"நான் சொல்கிறேன்" என்றேன். "இந்த என்ஜின் ராயக்கோட்டை போய்ச் சேரும். என் பேர்ல சொல்றேன், முனியப்பா."

"சேரலைன்னா?"

"அப்புறம் ராயக்கோட்டைப் பக்கமே நான் வர மாட்டேன்."

"தக்காளி எங்க வாங்குவீங்க?"

அந்த மெக்கானிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. காவலர் மறுபடியும் சீறினார்.

சிந்திய ஆயிலைத் துடைத்தோம். அந்தோணி டிக்கியில் வைத்திருந்த கேனிலிருந்து குறைந்ததை ஊற்றினார். ஹோஸை மாட்டி, டிப்ஸ்டிக்கை அதன் குழாயில் அழுத்தினோம். நான் என் இரண்டாவது கைக்குட்டையை எடுத்து, மடிப்புக் கலையாத வெள்ளையை, டிப்ஸ்டிக் குழாயின் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். ஒரு துளி ஆயில் கசிந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

"இது எதுக்கு சார்?" என்றார் முனியப்பா.

"அதுதான் இப்போது என் பெயர்" என்றேன்.

வளைவுக்கு அப்பால் ஒரு பிளிறல் கேட்டது. பிறகு நீண்ட அமைதி. காவலர் கையை உயர்த்தினார். வரிசையாக என்ஜின்கள் உயிர் பெற்றன, எங்களுடையதும். நாங்கள் கடந்தபோது ராகிக் காட்டில் மிதிபட்ட தடமும், சாலையில் ஆவி பறக்கும் சாணமும் மட்டும் இருந்தன.

அந்தப் பயணத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. சோதனை அறையில் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கிறோம். இங்கே நானே என்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வோர் ஏற்றத்திலும் ஐந்து பேரின் கண்களும் பானெட்டின் விளிம்பில் இருந்தன. உத்தனப்பள்ளி போனது. புகை இல்லை. "அந்தோணி, நல்லா மிதி" என்றேன். "சார்?" "மிதி என்கிறேன். சோதனை என்றால் சோதனை." அவர் மிதித்தார். கார் பாய்ந்தது. முனியப்பா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல, எனக்கும் ரிங்கு இருக்குது!" என்று கத்தினார். இப்போது கத்தலாம், யானைகள் பின்னால் போய்விட்டன. ராஜேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். ராயக்கோட்டை மலை எதிரே எழும்பி நின்றது.

மண்டியில் கூட்டம். தக்காளிப் பெட்டிகளின் நடுவே கார் நின்றது. மூடிய ஷெட்டின் வாசலில் டயர் கடைக்காரர் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். முனியப்பா இறங்கி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், பானெட்டைத் தாமே தூக்கினார். மண்டியின் கண்கள் அத்தனையும் உள்ளே பாய்ந்தன.

டிப்ஸ்டிக் வைத்த இடத்தில் இருந்தது. கைக்குட்டை வெள்ளையாக இருந்தது.

முனியப்பா அதை அவிழ்த்து எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். டயர் கடைக்காரரிடம் காட்டினார்.

"இந்த மண்டில, பொட்டியில மேல நல்ல பழம் அடுக்கி, அடியில அழுகல வெச்சு விக்கிறவன் எத்தன பேரு, தெரியுமில்ல உங்களுக்கு? நான் இத்தன காலமாப் பார்க்கிறேன். அழுகின பழத்தத் தானே எடுத்து என் கையில குடுத்த ஆளுங்கள இன்னைக்குத்தான் பார்க்கிறேன். நீங்க வேற எடம் பாருங்க, அண்ணே."

பிறகு அவர் செய்தது, மாட்டுச் சந்தைப் பழக்கம். விலை பேசும் இருவர் துண்டுக்கு அடியில் கை கோத்து, விரல் பிடித்துத் தொகை சொல்வார்கள். சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. முனியப்பா என் கைக்குட்டையைத் தம் வலது கையின் மேல் விரித்து, "வாம்மா, வாடகை பேசலாம்" என்று நீட்டினார்.

ராஜேஸ்வரி தயங்கினார். "எனக்கு இந்த வெரல் கணக்குத் தெரியாதுங்க. வாயால சொல்லுங்க."

"கைய வை மொதல்ல."

ஆயில் கறை படிந்த கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, துணிக்கு அடியில் நீட்டினார். விரலைத் தேடிய அவர் கையில் விரல் அகப்படவில்லை. ராஜேஸ்வரியின் முகம் மலர்ந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கு விளங்கியது. கையை வெளியே எடுத்தபோது, அதில் ஷெட்டின் சாவி இருந்தது.

அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டார். நாகராஜ் கூட்டத்துக்கு நடுவே என்னைத் தூக்க வந்தார், நான் அனுமதிக்கவில்லை.

இன்று அந்த ஷெட்டின் வாசலில் மற்றக் கடைகளைப் போலவே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்குகின்றன. அவற்றுக்கு நடுவே, அதே கம்பியில், கறுத்துப்போன ஒரு ஃபோம் துண்டும் குத்தப்பட்டிருக்கிறது. திருஷ்டிக்கு என்று வருகிறவர்களிடம் சொல்கிறார்களாம். மூவருக்கும் வேறு காரணம் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும்.

கைக்குட்டையை முனியப்பா திருப்பித் தரவில்லை. கேட்பது என் கௌரவத்துக்குப் பொருந்தாது. தக்காளி வாங்க மட்டும் ராயக்கோட்டைக்கே போகிறேன்.